பன்னிரண்டாவது கேள்வி

ஒரே ஒரு கேள்வி கேட்டு ஒரு வழக்கையே தரைமட்டமாக்கிய வக்கீல் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அது நம் வக்கீலம்மா. அந்தக் கேள்வி விழுந்ததும் கூண்டில் நின்ற போலீஸ்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நீதிபதி எழுதுவதை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்தார். மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி சுற்றியது. சரி, மின்விசிறி நின்றது கொஞ்சம் அதிகப்படி. ஒரே கேள்வி என்பதும் அதிகப்படிதான், மூன்று இருக்கும். ஆனால் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தது சத்தியம்.

இந்தக் கதை தெருத்தெருவாகப் பரவியதற்கு வக்கீலம்மாவின் கணவர்தான் காரணம். அவர் பல் டாக்டர். நாற்காலியில் மல்லாந்து, வாயைப் பிளந்து, உள்ளே பஞ்சும் குழாயுமாகக் கிடப்பவர்களிடம் மனைவியின் பெருமையை அவிழ்த்துவிடுவார். யார் மறுத்துப் பேச முடியும்? "நானும் அவளும் ஒரே தொழில்தான்," என்பார். "எதிராளி வாயை அடைச்சு வெச்சுட்டுக் கேள்வி கேக்கறது."

அந்த வழக்கு முடிந்து ஒன்பது வருடம் ஆனபோது வக்கீலம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புக்கு ஆஜரானவர். நகலெடுக்கும் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். பதினெட்டுப் படி, அதில் ஏழாவது படி ஆடும். கட்சிக்காரர்கள் எல்லோரும் அந்தப் படியில் ஒரு முறை தடுமாறித்தான் மேலே வருவார்கள். வரும்போதே முகத்தில் பாதிப் பொய் உதிர்ந்திருக்கும் என்பது வக்கீலம்மாவின் கணிப்பு. அதனாலேயே அதைச் சரிசெய்யவில்லை.

அவர் கோப்புப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு வரி ஒட்டியிருந்தது: பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே. குறுக்கு விசாரணைக்கு அது முதல் விதி, கடைசி விதியும் அதுவே. சாட்சியிடம் கேட்பது எதையும் தெரிந்துகொள்வதற்காக அல்ல. நமக்குத் தெரிந்ததை அவர் வாயால் "ஆமாம்" என்று சொல்லவைப்பதற்காக. அதற்கு ஒரு வால் உண்டு. எந்த வாக்கியத்தின் பின்னாலும் அதை ஒட்டலாம். "சரிதானே?" வீட்டிலும் அதே பாஷைதான். "காலையில பால் வாங்க மறந்துட்டீங்க. மறந்தது உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் சொல்லலை. சரிதானே?" பல் டாக்டர் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை தடம் மாறியது. சிறைக் காவலர் பயிற்சிக்கு வந்திருந்த நாற்பது பேருக்கு ஒரு மணி நேரம் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், ஒருத்தர் பொய் சொல்றாரா, இல்ல பயந்துபோய் உளர்றாரான்னு வெளியில இருந்து எப்படிக் கண்டுபிடிக்கறது?"

வக்கீலம்மா வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அலமாரியைத் திறந்தால் காலியாக இருக்குமே, அப்படி. "தெரியலையே," என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் சத்தமாகச் சொன்னதில்லை. சொன்னதும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கையைப் பார்க்கணும் என்றான் ஒருவன். கையெல்லாம் பார்த்து ஏமாந்தாச்சு என்றான் இன்னொருவன். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. வக்கீலம்மா பஸ்ஸைத் தவறவிட்டு, நடந்தே வந்து, நேராகக் கிளினிக்குக்குள் புகுந்தார்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு தெரியலைங்க."

பல் டாக்டர் கையுறையோடு திரும்பிப் பார்த்தார். "அதுக்கா இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறே?"

"பெரிய விஷயம்ங்க. யாருக்குமே தெரியலை."

நாற்காலியில் கிடந்தவர் வாயில் குழாயோடு ஏதோ சொல்லப் பார்த்தார். இருவரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. கல்லூரி ஒன்றில் குற்றவியல் நீதித் துறைக்குப் பாடம் சொல்ல ஆள் தேடினார்கள். வக்கீலம்மா மனுப்போட்டார், போட்ட கையோடு வேலையும் கிடைத்தது. ஆனால் ஒரு பருவத்துக்குத்தான், பதினைந்து வாரம். பத்தாவது வாரம் துறைத் தலைவி வகுப்பில் வந்து உட்காருவார். கையில் ஒரு படிவம் இருக்கும். அதில் மற்றக் கட்டங்களைப் பற்றிக் கவலையில்லை. 'மாணவர் பங்கேற்பு' என்று ஒரு கட்டம். அங்கே மதிப்பெண் சரிந்தால் பதினைந்தாவது வாரத்தோடு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

கிளம்பி எங்கே போவது? மாடி அலுவலகத்தை ஜூனியருக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் சுவருக்கு இளநீலம் அடித்து, ஏழாவது படியையும் சரிசெய்துவிட்டாள். வக்கீலம்மாவின் பழைய போர்டு கிளினிக்கில் எக்ஸ்ரே மெஷினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றது. இருபது வருடமாகக் கேஸ் கட்டுகளை நாடாவால் கட்டிவந்த குமாஸ்தா விடைபெறும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "அம்மா, அங்க பசங்களைக் கட்டி வெக்க நாடா தருவாங்களா?"

இளநீலச் சுவர் அல்ல வக்கீலம்மாவைப் பயமுறுத்தியது. அந்த மூன்று மணி நேரம் மறுபடி கிடைக்காமல் போய்விடுமோ என்பதுதான். காதலில் விழுந்த பெண்போல அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று யாராவது கேட்டிருந்தால் "ஆட்சேபணை" என்றிருப்பார்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் கரும்பலகைக்கு ஒரு வணக்கம் வைத்துத் தலைகுனிந்தார். முன் பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி, இது கல்லூரி வழக்கமாக்கும் என்று எழுந்து தானும் குனிந்தாள். அவளைப் பார்த்து முப்பது பேரும் குனிந்தார்கள். "யுவர் ஆனர்," என்று பாடத்தை ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு பையன் இடையில் கையைத் தூக்கியபோது "உங்க முறை வரும், உக்காருங்க," என்று அமர்த்தினார். மணி அடித்ததும் "இத்துடன் என் தரப்பு முடிகிறது," என்று கோப்பை மூடினார். கைதட்டல் கிடைத்தது. வக்கீலம்மா காற்றில் மிதந்தார்.

தரையில் இறக்கிவிட ஒருவர் கடைசிப் பெஞ்சில் இருந்தார். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் "ப்ரெசன்ட் மேடம்" என்று சொல்லிக்கொண்டு வர, பின்னாலிருந்து ஒரு கனத்த குரல், "ஆஜர்," என்றது. நிமிர்ந்தார். நாற்பத்தைந்து வயது ஆள், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். வேலையில் இருந்துகொண்டே படிக்க வருபவர்கள் அந்த வகுப்பில் நாலைந்து பேர் உண்டு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்தார். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் வக்கீலம்மாவின் விரல் பதிவேட்டில் அதே வரியிலேயே நின்றது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கூண்டில் நின்று இதே மாதிரித் துடைத்தவர். ஒரே கேள்வியில், சரி, மூன்று கேள்வியில் விழுந்த அதே போலீஸ்காரர்.

அவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் வக்கீலம்மாவுக்கு அது கைவந்த கலை. அவர் செய்தது வேறு. எந்தக் கேள்வி கேட்டாலும் மூன்று பதில்தான் சொன்னார். ஆமா. இல்ல. ஞாபகம் இல்ல. கூண்டில் ஏறும் சாட்சிக்கு எந்தக் காவல் நிலையத்திலும் சொல்லிக்கொடுக்கும் மூன்று பதில்கள். இரண்டாவது வாரம் அவர் பக்கத்துப் பையன் அதைப் பிடித்துக்கொண்டான். நாலாவது வாரம் அது பெஞ்சு பெஞ்சாக முன்னேறியது. ஆறாவது வாரம் முப்பது பேரும் தேர்ந்த சாட்சிகள்.

"தண்டனைக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவுல ஒரு இழுபறி இருக்கு. சரிதானே?"

"ஆமா மேடம்."

"அது ஏன்னு போன வாரம் பாத்தோம். சரிதானே?"

"ஞாபகம் இல்ல மேடம்."

ஒன்பதாவது வாரம் முன் பெஞ்சுப் பெண் வராந்தாவில் அவரை மறித்தாள். "கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க கேக்கும்போதே பதிலையும் உள்ள சுருட்டி வெச்சுத் தந்துடறீங்க. நாங்க தலையாட்டினா போதும்னு ஆயிடுது."

வக்கீலம்மா வாடிய முகத்தோடு கிளினிக்குக்கு வந்து, காலியாயிருந்த நோயாளி நாற்காலியில் சரிந்தார். பல் டாக்டர் விளக்கை அவர் முகத்தில் திருப்பினார். "எங்க வலிக்குது?"

"விளையாடாதீங்க. அடுத்த வாரம் துறைத் தலைவி வர்றாங்க. என் வகுப்புல யாரும் வாயே திறக்கறதில்லை."

"நீ திறக்க விட்டாத்தானே. நானே எவ்வளவு பேசறவன், ஆனா 'வலிக்குதா'ன்னு கேக்கறப்போ மட்டும் கையை வாயில இருந்து வெளிய எடுத்துடுவேன். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் பேசாம நிப்பேன். அதுதான் இந்தத் தொழில்லயே கஷ்டமான வேலை. பல்லுப் பிடுங்கறதெல்லாம் சும்மா."

"என்ன பதில் வரும்னு தெரியாமலா?"

"தெரிஞ்சா எதுக்குடி கேக்கணும்?"

பத்தாவது வாரம். துறைத் தலைவி அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு வந்தார். மெலிந்த, கறாரான அம்மாள். காலியாக இருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தார். போலீஸ்காரருக்குப் பக்கத்தில்.

அன்றைய பாடம் குறுக்கு விசாரணை. வக்கீலம்மா புத்தகத்திலிருந்து சாதுவான ஒரு உதாரணத்தைத் தயார் செய்து வந்திருந்தார். அதைத் தொடங்குவதற்குள் முன் பெஞ்சுப் பெண், எப்படியாவது மேடத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், கையைத் தூக்கினாள்.

"மேடம், எங்க அத்தைக்குக் கடைவாய்ப்பல் எடுக்கறப்போ உங்க வீட்டு டாக்டர் ஒரு கதை சொன்னாராம். ஒரே கேள்வில நீங்க ஒரு போலீஸ்காரரைக் கவுத்த கதை. அதைச் சொல்லுங்க மேடம்."

மனத்துக்குள் பல் டாக்டரின் முப்பத்திரண்டு பல்லையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார் வக்கீலம்மா. கடைசிப் பெஞ்சைப் பார்க்காமல், "ஒண்ணெல்லாம் இல்ல. மூணு," என்றார்.

"பதினொண்ணு."

பின்னாலிருந்து வந்தது. முப்பது தலையும் திரும்பின. ஒன்பது வாரத்தில் அந்த மனிதர் யாரும் கேட்காமல் சொன்ன முதல் வார்த்தை.

"பதினொண்ணு மேடம். எண்ணி வெச்சிருக்கேன்."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றான் பக்கத்துப் பையன்.

"கூண்டுல நின்னது நான்தானே."

துறைத் தலைவியின் பேனா படிவத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பேச்சை மாற்ற வக்கீலம்மாவுக்கு நூறு வழி தெரியும். ஒன்றையும் எடுக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து, முன் பெஞ்சின் ஓரத்தில் மாணவி மாதிரி உட்கார்ந்து, "சொல்லுங்க சார்," என்றார்.

போலீஸ்காரர் எழுந்து நின்றே சொன்னார். விடியும் முன், அஞ்சு மணி. செருப்புக் கடையின் பின்கதவு உடைந்திருந்தது. ஒருவன் மூட்டையோடு ஓடினான். மூட்டை வழியில் விழுந்தது, ஆள் தப்பிவிட்டான். மூட்டை நிறையச் செருப்பு, எல்லாம் இடது கால். பார்வைக்கு வைத்திருந்ததை அள்ளியிருக்கிறான், பாவம். மறுநாள் ஒருவனைப் பிடித்தார்கள். ஓடியவன் இவன்தான், முகத்தைப் பார்த்தேன் என்று போலீஸ்காரர் சாட்சி சொல்ல வந்தார். அங்கேதான் வக்கீலம்மா எழுந்தார். அந்தப் பதினோரு கேள்விகளையும் போலீஸ்காரர் விரல் விட்டு ஒப்பித்தார், குரல் ஏற்ற இறக்கத்தோடு. தெருவிளக்கு எரியலை, சரிதானே. மூணு வாரமா எரியலை, சரிதானே. மழை, சரிதானே. தூறல் இல்ல, கனத்த மழை, சரிதானே. வகுப்பு சிரித்தது. அச்சு அசல் மேடம். வக்கீலம்மாவுக்கே சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும்.

"பதினொண்ணாவது," என்றார் போலீஸ்காரர். "'இருட்டு, மழை, கண்ணாடியில தண்ணி. இதுல ஒருத்தர் முகம் தெரிஞ்சுதுங்கறீங்க. சரிதானே?' நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்க 'வேற கேள்வி இல்லை'ன்னு உக்காந்துட்டீங்க. அன்னியில இருந்து ஸ்டேஷன்ல எனக்கு 'ஈரக்கண்ணாடி'ன்னு பேரு. சாமான் அறைக்கு மாத்திட்டாங்க. அந்த இடது கால் செருப்புக்கெல்லாம் ஒன்பது வருஷமா நான்தான் காவல்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த கேள்வி எது என்று வக்கீலம்மாவுக்குத் தெரியும். பதில்தான் தெரியாது. நிஜமாகவே முகத்தைப் பார்த்தேன், கடைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் என்று அவர் சொல்லிவிட்டால்? திருடனைத் தந்திரத்தால் தப்பவைத்தவர் என்று துறைத் தலைவி முன்னிலையில், முப்பது பேர் முன்னிலையில் ஆகிவிடும். வேலையும் போகும், இருபத்தாறு வருடப் பெயரும் போகும். கோப்புப் பெட்டியின் மூடி கண்முன் வந்து நின்றது. கேட்காதே, கேட்காதே.

"அன்னிக்கு நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

வால் இல்லாத கேள்வி. கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்தார். பல் டாக்டர் சொன்னது உண்மைதான், இதுதான் கஷ்டமான வேலை. மூன்று தடவை நாக்கு எழுந்தது, மூன்று தடவையும் கடித்து அடக்கினார். யாரோ தண்ணீர் பாட்டிலை மூடும் சத்தம் கேட்டது. போலீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"முகத்தைப் பாக்கவே இல்லைன்னு சொல்ல வந்தேன் மேடம். நான் பாத்தது முதுகு மட்டும்தான். 'முகம்'னு எழுதினாத்தான் வழக்கு நிக்கும்னு மேலதிகாரி சொன்னார். கையெழுத்துப் போட்டேன். கூண்டுல ஏறினதும் உடம்பு கூசிப்போச்சு. யாராவது நேரா ஒரு கேள்வி கேட்டா சொல்லிடலாம்னு நின்னேன். பதினொரு கேள்வி கேட்டீங்க. அந்தக் கேள்வியை மட்டும் கேக்கலை."

வக்கீலம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்போ நான் ஒரே கேள்வியில ஜெயிச்சிருக்கலாமா?"

"ஜெயிச்சிருக்கலாம் மேடம்."

அவ்வளவுதான். அணை உடைந்தது. ஏன் கையெழுத்துப் போட்டீங்க என்றது ஒரு குரல். நீ அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவே என்றது இன்னொன்று. அரசு வக்கீல் திரும்ப எழுந்து கேட்டிருக்கலாமே என்று ஒருவன் எழ, "அவருக்கும் பதில் தெரியாது, அதான் கேக்கலை," என்று வக்கீலம்மா சொல்ல, "அப்போ ரெண்டு வக்கீலும் தெரிஞ்சதை மட்டும் கேட்டா, தெரியாததை யார்தான் கேக்கறது?" என்று அவன் அவரையே மடக்கினான். வக்கீலம்மா "தெரியலையே," என்று இரண்டு கையையும் விரித்தார். முகமெல்லாம் பல்.

முன் பெஞ்சுப் பெண் திரும்பி உட்கார்ந்து கேட்டாள். "அண்ணே, அன்னிக்கு நீங்க பொய் சொன்னீங்களா, பயந்தீங்களா?"

சிறைக் காவலர் பயிற்சியில் கேட்ட அதே செவ்வாய்க்கிழமைக் கேள்வி.

போலீஸ்காரர் யோசித்தார். "கூண்டுக்கு வெளிய பொய்யிம்மா. உள்ள போனப்புறம் பயம்."

"வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுட்டுக் கொஞ்சம் சும்மா இருந்தா தெரியும். மேடம் இப்ப இருந்தாங்களே, அது மாதிரி."

மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. அடுத்த வகுப்புக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, கேட்கக் கேட்க உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள். கடைசிப் பெஞ்சில் ஒரு மெலிந்த கை உயர்ந்தது. துறைத் தலைவியுடையது. "அந்த மேலதிகாரிக்கு என்ன ஆச்சு?"

"உங்க முறை வரும், உக்காருங்க," என்றார் வக்கீலம்மா. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று தெரிந்தது. துறைத் தலைவி உட்கார்ந்தே இருந்தார், ஆனால் இன்னும் ஒழுங்காக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாம் ஓய்ந்து மாணவர்கள் பேசிக்கொண்டே வெளியேறியபோது துறைத் தலைவி படிவத்தோடு முன்னால் வந்தார். பங்கேற்புக் கட்டம் காலியாக இருந்தது.

"என் பேரையும் சேத்து எண்ணறதா வேணாமான்னு தெரியலை," என்றார். "போகட்டும், முழுசாவே போட்டுடறேன். அடுத்த பருவத்துல இருந்து நீங்க நிரந்தரம். ரெண்டு வகுப்பா எடுத்துக்கங்க. மணி அடிச்சா மட்டும் விட்டுடுங்க, பக்கத்து வகுப்புக்காரங்க திட்டறாங்க."

"நன்றி, யுவர் ஆனர்," என்றார் வக்கீலம்மா.

வாசலில் போலீஸ்காரர் காத்திருந்தார். கையில் புத்தகம், கண்ணாடி பளிச்சென்று. வக்கீலம்மாதான் ஆரம்பித்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். ஒன்பது வருஷம் கழிச்சுக் கேக்கறேன்."

"கேட்டீங்களே, அது போதும் மேடம்."

"வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடறேன். இனிமே யார் வாயைத் திறந்து வெச்சுட்டுக் கதை சொன்னாலும் ஒண்ணு இல்ல, மூணு இல்ல, பதினொண்ணுன்னு சொல்லச் சொல்றேன்." வக்கீலம்மாவின் கண்ணில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "ஆனா ஒண்ணு. நான் பதினொண்ணாவது கேள்வியைக் கேட்டதும் நீதிபதி அசந்துபோய்ப் பேனாவைக் கீழ வெச்சாரு பாருங்க, அது மட்டும் சத்தியம்."

போலீஸ்காரர் தயங்கினார். பிறகு, உண்மை சொல்லிப் பழகிவிட்ட ஆள் மாதிரி, சொல்லிவிட்டார்.

"வெச்சார் மேடம். அசந்துபோய் இல்ல. பேனா மூடியைக் காணோம்னு மேசைக்கடியில தேடிட்டிருந்தார். அது கூண்டுக்கிட்ட உருண்டு வந்து என் காலடியில கிடந்துது. நீங்க உக்காந்தப்புறம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."